தகர வீட்டின் உதவி இயக்குநர்

வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போங்கள், மரியாதையாக இருக்கும் என்றுதான் என் மனைவி பரீதா சொன்னாள். கமராவுக்கு வெள்ளை ஆகாது, முகம் கறுத்துப்போகும் என்று அவளுக்கு விளங்கப்படுத்திவிட்டு இந்த நீலத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன். இதெல்லாம் நீங்கள் படிப்பித்ததுதான், ஜுமானா மிஸ். ஒன்றரை வருசத்துக்கு முன்னர் கமராவில் எது முன்பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. சிவக்கொழுந்தம்மாவையும் கூட்டிவந்து பின்னால் கதிரையில் இருத்தியிருக்கிறீர்கள், அதுவும் நல்லதுதான். ஒரே கதையை ஆளுக்கு ஒருதரம் சொல்லத் தேவையில்லை. லைட்டைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினால் என் மூக்கின் நிழல் போய்விடும். ஆ, இப்போது சரி.

பெயர் றிஸ்வி. ஊர் கிண்ணியா. நகரத்துக் குப்பைமேட்டின் கேற்றில் நின்று, வருகிற ட்ரக்டருக்கு இங்கால கொட்டு, அங்கால கொட்டு என்று கைகாட்டுவது என் தொழில். பதினொரு வருசம் கைகாட்டினேன். அவ்வளவு காலமும் எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள், முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அதைப்பற்றி எனக்கு மனவருத்தம் இருந்ததாகச் சொல்லமாட்டேன். இருந்தது, ஆனால் சொல்லமாட்டேன்.

பிறகு நீங்கள் கொழும்பிலிருந்து வந்திறங்கினீர்கள். மேட்டில் குப்பை பிரிக்கிற இருபது பேரையும் சேர்த்து, குப்பையாலேயே ஒரு வீடு கட்டப்போகிறேன், அதைப் படமாகவும் எடுக்கப்போகிறேன் என்றீர்கள். பால்மாப் பேணி, பிஸ்கட் பெட்டி, எண்ணெய் ரின் எல்லாவற்றுக்கும் மண் நிரப்பி, வெள்ளைச் சாயம் பூசி, சீமெந்து வைத்துக் கல்லுக்குப் பதிலாக அடுக்குகிற வேலை. முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. குப்பையைக் காசாக்கத் தெரிந்த சனத்திடம் வந்து, அதை வீடாக்குங்கள் என்கிறாரே, இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கதைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் எல்லோரும் சாயத்தில் குளித்துக்கொண்டு நின்றோம்.

எனக்கு மட்டும் வேறு வேலை தந்தீர்கள். ஆட்களைக் கூப்பிடுவது, வெயில் பார்ப்பது, நாய் விரட்டுவது. நான்காம் நாள் தேநீர் குடிக்கும்போது, “றிஸ்வி நானாதான் எங்கட உதவி இயக்குநர்” என்று சொன்னீர்கள். பகிடிக்குச் சொன்னீர்கள் என்று பிறகு சிலபேர் சொன்னார்கள். நான் அன்று பின்னேரமே கடைத்தெருவுக்குப் போய், அந்த இரண்டு சொல்லையும் ஒரு தொப்பியில் அச்சடித்துக்கொண்டு வந்தேன். பரீதா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். தேத்தண்ணிக் கடையில் எனக்கென்று கதிரை இழுத்துப் போட்டார்கள். அல்லாஹ் அறிய, எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இனி அம்மாவின் பெட்டிக்கு வருகிறேன்.

அம்மா சம்பூர். இரண்டாயிரத்து ஆறில் சண்டையால் இடம்பெயர்ந்து, முகாமில் கணவர் கதிரவேல் ஐயாவையும் இழந்து, மகள் நிருஜாவோடு உப்புவெளியில் வாடகை வீட்டில் இருக்கிறார். மேட்டில் ஆறு வருசம். கையில் தூக்கிப் பார்த்தே இது அலுமினியம், இது இரும்பு, இது வெறும் மினுக்கம் என்று சொல்லக்கூடிய ஆள். பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது, கட்டிலுக்குக் கீழே கிடந்த கறள் பிடித்த பிஸ்கட் பெட்டியை மகள் குப்பை ட்ரக்டரில் போட்டுவிட்டாள். அதற்குள்தான் சம்பூர்க் காணியின் பெர்மிட், அரசாங்கம் கொடுத்த பத்திரம், இருந்தது. காணிக் கந்தோரில் இருந்த பிரதி சண்டையோடு போய்விட்டதாம். பத்திரம் இல்லையென்றால் காணி இல்லை. அம்மா தான் வேலை செய்கிற மேட்டிலேயே தன் பெட்டியைத் தேடத் தொடங்கினார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முத்திரை குத்தின கடதாசி, படம், வேதப் புத்தகம் இதுகள் குப்பையில் வந்தால் விற்கமாட்டோம், மிதிக்கமாட்டோம். கேற்றுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிற கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். ஆட்கள் தேடிவந்து அழுதுகொண்டு எடுத்துப்போவார்கள். கம்பியைக் கட்டினவன் நான். அம்மாவும் ஒவ்வொரு நாளும் காலையில் முதலில் கம்பியைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார், பிறகு கொக்கியை எடுத்துக்கொண்டு ஏறுவார்.

அம்மா தேடுவதைப் பார்த்ததும் நீங்கள் வீட்டை மறந்துபோனீர்கள், மிஸ். கமரா முழுநாளும் அவரோடுதான் திரிந்தது. “இவதான் படத்தின்ட உயிர். பெட்டி கிடைக்கிற அன்றைக்குப் படம் முடிஞ்சிடும், நானா” என்று என்னிடம் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். உதவி இயக்குநர் என்றால் இயக்குநர் சொல்வதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

பதினோராம் நாள் பெட்டி கிடைத்தது. எனக்கு.

தெற்கு மூலையில், ஒரு கிழிந்த மெத்தைக்குக் கீழே கிடந்தது. திறந்து பார்த்தேன். பொலித்தீனில் சுற்றின பெர்மிட், ஐயாவின் பெயர், முத்திரை, எல்லாம் சுத்தமாக இருந்தது. உடனே கூப்பிடத்தான் வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுவர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நீங்களே யோசித்துப் பாருங்கள், ஒரு கதை முழங்காலில் முடியலாமா. கூரை வேண்டும். கீழே தெரிகிற துறைமுகத்துக்குள் கோதுமை மாக் கப்பல் நிற்க வேண்டும், பின்னேர வெயில் விழ வேண்டும், அம்மா வாசலில் நிற்க வேண்டும். அப்போது பெட்டி கிடைக்க வேண்டும். அம்மாவின் நல்லதுக்குத்தான் யோசித்தேன். பெட்டியைச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அலுமாரியில் பரீதாவின் சாறிகளுக்குப் பின்னால் வைத்தேன். இது என்ன கறள் பெட்டி என்று கேட்டாள். சினிமாச் சாமான் என்றேன். பொய் இல்லை.

மழை பிடித்து வேலை இழுபட்டது. மாசி போய், பங்குனி போய், வைகாசியும் போனது. அம்மா ஒவ்வொரு நாளும் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏறினார். இருமல் பிடித்துக்கொண்டது. நான் மூன்று தரம் மருந்து வாங்கிக் கொடுத்தேன், அதை நீங்கள் படத்தில் சேர்க்கவில்லை. பெட்டிக்காக மேட்டின் தெற்கு மூலை முழுக்கக் கிண்டிவிட்டார். அங்கே இல்லை அம்மா, வடக்குப் பக்கம் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். தெற்கில் வெயில் எதிரே அடிக்கும், படம் எடுக்க ஏலாது.

ஆனி மாதம் காணிக் கச்சேரி வைத்தார்கள். காணிக்காரரைக் கூப்பிட்டு, பத்திரம் பார்த்து, பெயர் பதிகிற நாள். தேதி எனக்குத் தெரியும். என் முச்சக்கரவண்டியில் அம்மாவைக் கூட்டிப்போனதே நான்தான். ஒன்றைச் சொல்ல வேண்டும், காணிக் கச்சேரி சொன்ன நாளில் நடந்ததாக இந்த மாவட்டத்தில் யாராவது கண்டிருக்கிறீர்களா. ஒத்திவைப்பார்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அன்றைக்கென்று நேரத்துக்கு நடந்தது. அது என் பிழை இல்லை.

பத்திரம் எங்கே என்று அந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கேட்டார். அம்மா எழும்பி நின்று, “தேடிக்கொண்டிருக்கிறன் ஐயா, கிடைச்சிடும்” என்றார். அந்தக் காணித் துண்டுக்குப் பத்திரத்தோடு வேறொருவர் வந்திருந்தார். அவர் பெயரை எழுதினார்கள். திரும்பி வரும் வழியில் அம்மாவுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்றால் இறங்கியிருக்கும் அல்லவா.

ஆனால், மிஸ், அடுத்த நாள் அம்மா கொக்கியை எடுக்காமல் மேட்டு உச்சியில் சும்மா குந்தியிருந்தாரே, அந்தக் காட்சி ஞாபகம் இருக்கிறதா. நீங்களே கமராவை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தீர்கள். அப்படி ஒன்றை எழுதி நடிக்கவைக்க ஏலாது.

அதற்குப் பிறகு பெட்டியைக் கொடுப்பதில் ஒரு சிக்கல். இப்போது கொடுத்தால், ஐயோ முந்தியே கிடைத்திருந்தால் என்று அம்மா சாகும்வரைக்கும் நினைத்து நினைத்து அழுவார். அந்த வேதனையை ஒரு தாய்க்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எறியவும் ஏலாது, முத்திரை குத்தின கடதாசி. இரண்டு கிழமை யோசித்தேன். கடைசியில் அந்தப் பெட்டிக்குச் சரியான இடம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. அம்மா சம்பூரில் இருந்த தன் வீட்டைச் சொல்லச் சொல்லத்தானே நீங்கள் அந்தத் தகர வீட்டைக் கடதாசியில் கீறினீர்கள். வாசல் கிழக்கு, குசினி பின்னால், ஜன்னல் இரண்டு. அது அவருடைய வீடுதான். வீட்டுப் பத்திரம் வீட்டோடு இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். மூடியை ஒட்டி, நானே இரண்டு பூச்சு வெள்ளை அடித்தேன்.

கடைசிப் பெட்டியை அம்மாவின் கையால் வைக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள். மேல் வரிசையில், வாசலுக்கு நேரே. எடுத்துக் கொடுத்தவன் நான். அம்மா கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

“தம்பி, இது பாரம் காணாது. உள்ள மண் போடேல்லையோ?”

“அது மேல வெக்கிறதும்மா. பாரமில்லாம இருந்தாத்தான் சுவர் தாங்கும்.”

“அப்படியோ. நீங்கள் சொன்னால் சரிதான்.”

காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒருதரம் ஆட்டினார். பிறகு சீமெந்தை அள்ளி, பெட்டியை வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இருத்தினார். எல்லோரும் கைதட்டினோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மா அன்றைக்குத்தான் சிரித்தார். கப்பலும் நின்றது, வெயிலும் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, லொறியேற்றி, கப்பலேற்றி ஜேர்மனியில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினீர்கள். அங்கே ஏசி போட்ட மண்டபத்தில் நிற்கிறதாம், சனம் வரிசையில் வந்து பார்க்கிறதாம். பெர்மிட் சம்பூரில் இருந்திருந்தால் இந்நேரம் கறையான் தின்று முடித்திருக்கும். இப்போது ஒரு தூசி படாது. இதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

நான் அகப்பட்டது என் பிழையால்தான். கமரா எங்கே நிற்கிறதோ அதற்கு முன்னால் நடந்துபோகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. “நானா, ஃபிரேமுக்குள்ள நிக்கிறீங்க” என்று நீங்கள் எத்தனை தரம் கத்தியிருப்பீர்கள். பதினோராம் நாளும் நின்றிருக்கிறேன். முன்னால் அம்மா தேடுகிறார், பின்னால் நான் பெட்டியைத் திறக்கிறேன், வாசிக்கிறேன், இரண்டு பக்கமும் பார்க்கிறேன், சேர்ட்டுக்குள் வைக்கிறேன். எடிட் செய்கிற மேசையில் அதைப் போட்டுக் காட்டினீர்களே, உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. கடைசியில் படத்தில் நான் இருக்கிறேன். முகமும் வடிவாகத் தெரிகிறது.

ஓம், நான்தான் எடுத்தேன். நான்தான் ஒளித்தேன், சாயம் பூசினேன், கையில் கொடுத்தேன். பொலிசுக்கும் இதையே சொல்வேன். ஆனால் ஒரு நல்ல படத்துக்கு யாராவது ஒருவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிற்க வேண்டும், உங்களுக்கு அது ஏலாமல் இருந்தது, நான் நின்றேன்.

அம்மா எழும்பிவிட்டார். பரவாயில்லை மிஸ், நிறுத்த வேண்டாம், ஓடட்டும். பக்கத்தில் வரட்டும்.

“தம்பி,” என்றார். கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்ர கையாலயோ வச்சனான்?”

“ஓம் அம்மா, ஒங்கட கையாலதான். கவலப்படாதீங்க, அத மூணு பக்கத்தாலயும் வடிவா படம் எடுத்திருக்கு.”