நாலாம் நாள் மறியல்

ரோட்டுல போட்ட கல்லை எடுக்க முடியாது, டிரைவர் வாத்தியாரே! எத்தனை தடவை சொல்றது? ஊர்க்கூட்டம் போட்டு, கை தூக்கி எடுத்த முடிவு. திங்கக்கெழமையிலேர்ந்து ஒரு வண்டி தாண்டல. இந்தா, கோக்கா இலை, கன்னத்துல அடக்கிக்கோ. பசி தெரியாது, பேச்சும் கொறையும்... எனக்கு மட்டும் கொறையல, என்ன செய்ய!

யூஸ்தாகியோ கொல்க்கேன்னு கேள்விப்பட்டிருப்பியே? நான்தான். தகரச் சுரங்கத்துல இருபத்திரெண்டு வருசம் சங்கச் செயலாளர். ராணுவ ஆட்சியில ரெண்டு தடவை என்னைப் புடிச்சு உள்ள தள்ளினான். அப்படிப்பட்டவன் இப்ப ஒரு குளிர்பெட்டிக்காக நடுரோட்டுல உக்காந்திருக்கேன். ஆமாய்யா, குளிர்பெட்டி! காய்ச்சக்காரங்க ரத்தம் எடுத்தா கெடாம வைக்கிறதுக்கு.

பணக்கார நாடெல்லாம் கூடி, அடுத்த கொள்ளைநோய்க்கு முன்னாடியே தயாராகணும்னு ஒரு நிதி வச்சிருக்கான். 'நாடே தலைமை தாங்கும்'னு அதுக்கு ஒரு கோஷம். எந்த நாடு? தலைநகரம் லா பாஸ்ல ரிப்பன் வெட்டுனாரே மந்திரி, அவரா? எங்க ஊரு சுல்லுபாம்பாவுக்கு ஒரு ஆலோசகர் வந்தாரு. கலர் ஸ்டிக்கர் குடுத்து, எது முக்கியமோ அதுமேல ஒட்டுங்கன்னாரு. மொத்தத்தையும் குளிர்பெட்டி படத்து மேலயே ஒட்டினோம். இந்தக் குளிர்ல ஒங்களுக்கு எதுக்கு குளிர்பெட்டின்னு கேட்டாரு பாரு... கத்தினேன்! அதைப் போட்டோ புடிச்சு அறிக்கையில போட்டான். கீழ என்ன எழுதினான் தெரியுமா? 'மக்கள் உற்சாகமாகப் பங்கேற்றனர்.'

சிரிக்காத. போன கொள்ளைநோய்ல என் தம்பி லியாந்த்ரோவோட ரத்தம் ஐஸ்கிரீம் பொட்டியில ஒருரோ பட்டணத்து லேபுக்குப் போச்சு. மத்தியான வெயில்ல கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பினான். மறுபடி எடுத்தோம். முடிவு பதினோராம் நாள் வந்துச்சு. 'தொற்று உறுதி. தனிமையில் இருக்கவும்.' இருக்கான்... மண்ணுக்குள்ள, ரொம்பத் தனிமையா இருக்கான்.

இப்ப மறுபடி மூணு புள்ளைங்களுக்குக் காய்ச்சல். என்ன காய்ச்சல்னு நர்ஸ் நியேவேஸுக்கே தெரியல. அதான் மறியல். பொட்டி வர்ற வரைக்கும் ஒரு ஈ போகக்கூடாது!

அது சரி, நீ என்ன ஏத்திட்டு வந்த? கோழியா? கோழின்னா இந்நேரம் நாறியிருக்குமே. எங்க, அந்தத் தார்ப்பாயைத் தூக்கு.

...

பொட்டி மேல இது யாரு பேரு? சுல்லுபாம்பா சுகாதார நிலையம். 'நாடே தலைமை தாங்கும்...'

அடப்பாவி! எப்ப வந்த? செவ்வாக்கெழமையா? மூணு நாளா இந்த லாரி இங்கதான் நிக்குதா? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?

சொன்னியா? மொத நாளேவா? யாருகிட்ட?

எங்கிட்டயா...

நான் என்ன பண்ணேன்? கோஷம் போட்டேனா. ம்ம். போட்டிருப்பேன்.

சரி, விடு. கல்லை நகத்தினவன் ஊருக்கு ஒரு ஆடு தரணும்னு சட்டம் இருக்கு. எழுதினவனும் நான்தான். வீட்டுல இருக்கிறதே ரெண்டு ஆடு. போகட்டும். கூட்டத்தைக் கூட்டி, பேசி, கை தூக்கி முடிக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். அந்தப் புள்ளைங்க தாங்காது.

என்ன மொறைக்கிற? எறங்கு, எறங்கு. கல்லோட அந்த ஓரம் நீ புடி. கனமான பக்கம் எனக்கு. வாயை மட்டும் மூடிக்கோ வாத்தியாரே... இன்னைக்கு நானும் மூடிக்கிறேன்.