எண்ண ஆள் கிடைக்காத மரம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, வெயிலுக்கும் அஞ்சாத, என் வாய்க்கும் அஞ்சாத பெரியோர்களே, பொரித்த மீனை மடியில் மறைத்துக்கொண்டு என் பேச்சு முடியக் காத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட உய்தா நகரத்து மக்களே, கேட்கிறேன். சங்கிலியில் கட்டுண்டு கப்பலேறியவர்கள் யாருடைய முன்னோர்? அடேயப்பா, எத்தனை கைகள்! சரி, கட்டியவர்கள் யாருடைய முன்னோர்? ஒரு கையையும் காணோம். சங்கிலி தன்னைத்தானே பூட்டிக்கொண்டதா?

மறதி மரத்தை நீங்கள் அறிவீர்கள். கப்பலேற்றும் முன் அடிமைகளை அதைச் சுற்றவிட்டார்கள்; ஊரும் பேரும் மறக்க ஆண்களுக்கு ஒன்பது சுற்று, பெண்களுக்கு ஏழு. இன்று நம் ஹுவேஃபா அமைத்திருக்கும் நடனத்தில் அதே மரத்தைப் பின்னோக்கிச் சுற்றுகிறார்கள், மறந்ததை மீட்க. சுற்றுவதற்குப் பதினாறு பேர் பறந்து வந்தார்கள். மரத்தடியில் நின்று சுற்றை எண்ணுகிறானே விற்றவன், அந்த வேடத்துக்கு ஒருவரும் வரவில்லை. நாணலாய் வளைந்தாடும் நம் ஆட்டக்காரர் கொஜோவுக்குக்கூடத் திடீரென்று முழங்கால் வலி!

கடைசியில் ஹுவேஃபா என்னிடம் வந்தார். நானும் நழுவினேன்.

"எனக்கு எண்ணவே வராது தங்கச்சி."

"தட்டுல எத்தனை கறித்துண்டுன்னு எண்ணாம நீங்க சாப்பிட்டதே இல்லையே அண்ணே."

சிரியுங்கள், சிரியுங்கள். டொசூ அவர்களே, நீர் மட்டும் சிரிக்க வேண்டாம். அந்த வேடம் என்றதும் உமக்கு வந்த முழங்கால் வலியும் எனக்குத் தெரியும்.

அதோடு விட்டாரா?

"வருஷா வருஷம் முன்னோருக்குப் படைக்கிறப்ப உங்க வீட்ல ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க. ஒரு பேர் வர்றப்ப மட்டும் மேளத்தை ஓங்கி அடிக்கிறீங்களே, எதுக்கு? தெருவுக்கே தெரியும்ண்ணே."

வெட்கமாக இருந்தது, அன்பர்களே. அந்தப் பெயர் காதில் விழாமலிருக்க நான்கு தலைமுறையாக மேளம் அடிக்கிறோம். தோல் கிழிந்தது, மேளத்தை மாற்றினோம். அந்தப் பெயர் மாறவில்லை. ஓடியாடி மறைத்தோம், பாடியாடி மறைத்தோம். விற்கப்பட்டவர்களை மரம் சுற்றி மறக்கச் சொன்னவர்கள், தங்களை மறக்கவல்லவா மேளம் அடித்தார்கள்?

மேளக்காரரே, மேளத்திலிருந்து கையை எடும்.

அவன் பெயர் அடான்டே. ஆட்களை விற்றவன். என் பாட்டனுக்குப் பாட்டன்.

இதைச் சொல்லும்போது எழுந்து போகாமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி. தாய்மார்களே, இனி மீனை எடுத்து உண்ணலாம். உங்கள் அனைவரையும் வணங்கி, மேடையிலிருந்து இறங்கி மரத்தடிக்குப் போகிறேன். ஆடுபவர்களே, பின்னோக்கி நடங்கள். நானும் பின்னோக்கியே எண்ணுகிறேன்.

ஒன்பது.