வண்டியைச் சூடாக்கப் போன மனுஷன்

மார்லிஸ்: நகரு டெல்மர். நான் ஓட்டுறேன்.

டெல்மர்: ஏன், எனக்குக் கை இல்லையா?

மார்லிஸ்: இருக்கு. கதவைத் திறக்கவே அந்தக் கை தடுமாறுது. பனியில வழுக்கிப் பள்ளத்துல இறக்கிட்டேன்னா, ஜெயிச்ச சந்தோஷம் எனக்கு வீடு போற வரைக்கும்கூடத் தங்காது. நகரு.

டெல்மர்: ஜெயிச்சாளாம். ஸ்கூல் ஜிம் நிறைய ஜனம், உன் வேட்பாளர் மூலையில பன்னண்டு பேர். இதுக்குப் பேரு ஜெயிப்பா?

மார்லிஸ்: ஆமா, ஜெயிப்புதான். எங்க மூலை கலையலை. செனட்டர் வின்ஸ்லோ சார்பா இந்த ஊர்ல இருந்து கட்சி மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதி போறாங்க. அது யாரு தெரியுமா?

டெல்மர்: தெரியும், தெரியும். நீதான். பெல்ட்டைப் போடு.

மார்லிஸ்: நான்தான். சும்மா சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

டெல்மர்: எங்க ஆளுநர் மூலையில நாப்பத்தொரு பேர் நின்னாங்களாம். அதையும் சொல்லிப் பாரு.

மார்லிஸ்: உன்னைச் சேக்காம.

டெல்மர்: ...என்னைச் சேக்காம.

மார்லிஸ்: அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். கல்யாணமான வருஷத்துல இருந்து கட்சியோட ஒரு காக்கஸ் கூட்டம் விட்டிருக்கியா நீ? ஜுரத்துல போர்வையைச் சுத்திக்கிட்டு வந்து நின்ன மனுஷன். இன்னிக்கு வாசல்ல பேரைக் குடுத்துட்டு உள்ள வந்தே, கூட்டத்தை நடத்துற கேலனோட சிரிச்சுப் பேசினே, என் எலுமிச்சைக் கேக்குல ரெண்டு துண்டு தின்னே. கதவைச் சாத்தினப்புறம் பாத்தா ஆளைக் காணோம்.

டெல்மர்: வண்டியைச் சூடாக்கப் போனேன்னு சொன்னேன்ல.

மார்லிஸ்: எத்தனை தடவை சூடாக்கினே? கூட்டம் முழுக்கவா?

டெல்மர்: அஞ்சு நிமிஷத்துல திரும்பிடலாம்னுதான் போனேன். அதுக்குள்ள ஏழாயிடுச்சு, கதவைச் சாத்திட்டாங்க. ஏழுக்கு மேல சொந்தத் தம்பியா இருந்தாலும் கேலன் விட மாட்டான். சரி, இதுக்குள்ளயே உக்காந்துக்கலாம்னு உக்காந்துட்டேன்.

மார்லிஸ்: ம்... சூடாத்தான் இருக்கு.

டெல்மர்: பாத்தியா. அடுப்படி மாதிரி இருக்குல்ல? யாருக்காக?

மார்லிஸ்: அப்புறம் ஏன் உன் காது தக்காளி மாதிரி இருக்கு?

டெல்மர்: வயசாச்சு. வயசானா காது சிவக்கும்.

மார்லிஸ்: எந்த டாக்டர் சொன்னாரு?

டெல்மர்: டாக்டர் எங்க இருக்காரு நம்ம ஊர்ல, கேக்கறதுக்கு?

மார்லிஸ்: அதைத்தானே நான் உள்ள நின்னு பேசிட்டு வந்தேன். நீதான் கேக்கலை.

டெல்மர்: வண்டிக்குள்ள உக்காந்திருந்தா எப்படிக் கேக்கும்?

மார்லிஸ்: எனக்கு அதுதான் ஆறலை டெல்மர். ஆளுநர் பக்கம் நில்லு, யாரு வேணாம்னா? என் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஜென்மத்துல முதல் தடவையா ஊர் முன்னாடி பெஞ்சு மேல ஏறி நின்னு பேசினேன். தேவாலயத்துல பைபிள் வாசிக்கவே வாய் குழறும் எனக்கு.

டெல்மர்: நல்லாப் பேசினேன்னுதான் எல்லாரும் சொல்றாங்களே.

மார்லிஸ்: யாரு சொன்னா? நான் வெளியில வந்ததும் நேரா என்கிட்டத்தானே வந்தே?

டெல்மர்: ...போறவங்க வர்றவங்க சொல்லிட்டுப் போனாங்க.

மார்லிஸ்: என்னத்த நல்லாப் பேசினேன். பேப்பரைப் பாத்துத்தான் படிச்சேன்.

டெல்மர்: இல்லையே...

மார்லிஸ்: என்ன இல்லையே?

டெல்மர்: இல்ல... உன் கண்ணாடி இதோ, இங்க இருக்கு. கண்ணாடி இல்லாம நீ எப்படிப் படிச்சிருப்பே? அதைச் சொன்னேன்.

மார்லிஸ்: ம்.

டெல்மர்: என்ன ம்? ரோட்டைப் பாரு.

மார்லிஸ்: பாத்துட்டுத்தான் இருக்கேன். அந்த நியூயார்க் டிவிக்காரப் பொண்ணு வந்திருந்தாளே, பாத்தியா? மெல்லிசா ஒரு சட்டை, குளிருக்குச் சுருண்டு போயிட்டா பாவம். ஓட்டுப்பெட்டி எங்கேன்னு தேடுறா.

டெல்மர்: நீ என்ன சொன்னே?

மார்லிஸ்: பெட்டியும் இல்ல, மெஷினும் இல்லம்மா, யாரை ஜனாதிபதி வேட்பாளரா நிறுத்தணுமோ அவங்க மூலையில போய் உடம்போட நிக்கணும்னேன். பக்கத்து வீட்டுக்காரன், பால்காரன், பாதிரியார் எல்லாரும் பாக்க நிக்கணும். நூத்துக்குப் பதினஞ்சு பேர் சேரலைன்னா அந்த மூலை கலைஞ்சு, அடுத்தவன் மூலைக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகணும்னேன். "பயமா இருக்காதா"ங்கறா.

டெல்மர்: பயமாம்.

மார்லிஸ்: பயம்தான், ஆனா இதுலதான் எங்களுக்குப் பெருமைன்னேன். நாட்டுக்கே முதல்ல நாங்கதான் நிக்கறோம். மேலிடத்துக்காரங்க எங்களை முதல் இடத்துல இருந்து தூக்கணும்னு குதிக்கறாங்க. அயோவாவுல சோளமும் பன்னியும்தான் இருக்கு, அவங்க ஏன் முதல்ல சொல்லணும்ங்கறாங்க. இங்க வந்து ஒரு தடவை நின்னு பாக்கச் சொல்லும்மான்னேன்.

டெல்மர்: சபாஷ். அதைச் சொன்னே பாரு. டிவியில பேசறவங்க எல்லாம் முட்டை விலை, எல்லைச் சுவர், யாருக்கு வயசாயிடுச்சு, விவாதத்துல யாரு யாரைப் பாத்து முறைச்சான்னு கத்திட்டே இருக்காங்க. நம்ம ஊர்ல ஆளுநர் வந்து தீயணைப்பு நிலையத்துல பான்கேக் சுட்டாரு. கரிஞ்சுதான் போச்சு. ஆனா என் கண்ணைப் பாத்துப் பேசினாரு.

மார்லிஸ்: நீயும் அவர் கையைப் பிடிச்சு, உங்க மூலையிலதான் நிப்பேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டே. கட்டினவளை ஒரு வார்த்தை கேட்டியா?

டெல்மர்: உன் செனட்டரம்மா அப்ப இந்தப் பக்கமே வரலையே. அக்டோபர்லதான் வந்தாங்க. அதுக்குள்ள கை குடுத்தாச்சு.

மார்லிஸ்: கையைத்தானே குடுத்தே? திருப்பி வாங்கினா என்ன?

டெல்மர்: மார்லிஸ், உனக்கே தெரியும். குடுத்த வாக்கை மாத்தினா எங்கப்பன் குழியில இருந்து எந்திரிச்சு வந்துடுவான். ஆளுநர் மூலையை விட்டு வேற மூலைக்கு நான் போக மாட்டேன். போகவும் இல்ல.

மார்லிஸ்: போகலைதான். எந்த மூலையிலயும்தான் நிக்கலை.

டெல்மர்: வண்டி சூடாக்கப் போனேன்னு...

மார்லிஸ்: சரி, சரி. ரேடியோ வச்சியா?

டெல்மர்: வச்சேன். கூடைப்பந்து ஓடுச்சு.

மார்லிஸ்: யாரு ஜெயிச்சா?

டெல்மர்: ...நம்மாளுங்கதான்.

மார்லிஸ்: இன்னிக்கு ஆட்டம் இருந்துச்சா? நாளைக்குன்னுல்ல என் தங்கச்சி ஜோலீன் சொன்னா.

டெல்மர்: பழைய ஆட்டம். திரும்பப் போட்டான்.

மார்லிஸ்: யோவ், நல்லா இருக்குய்யா உன் ரேடியோ. பிளாஸ்க்குல காப்பி இருக்கு, ஊத்திக் குடி. சிந்தாம.

டெல்மர்: வேணாம்.

மார்லிஸ்: விரல் மடங்கலையா?

டெல்மர்: வேணாம்னா வேணாம். ...உன் பேச்சைச் சொல்லு. நான் கேக்கலைன்னு வருத்தப்பட்டியே, இப்பச் சொல்லு, கேக்கறேன்.

மார்லிஸ்: இப்பச் சொன்னா அது வராது.

டெல்மர்: எப்படி ஆரம்பிச்சே?

மார்லிஸ்: நம்ம ஆஸ்பத்திரியில பிரசவ வார்டை மூடினதுல இருந்து ஆரம்பிச்சேன். எல்லாரும் கருக்கலைப்பு, காப்பீடுன்னு மாத்தி மாத்தி சண்டை போடறாங்க, இங்க பிள்ளை பெத்துக்கறதுக்கே இடம் இல்ல, அதைப் பத்திப் பேசுற ஒரே ஆள் வின்ஸ்லோதான்னேன். அது வரைக்கும் நல்லாப் போச்சு. அப்புறம் நம்ம மக கிர்ஸ்டன் பிரசவத்தைச் சொல்ல வந்தேன்.

டெல்மர்: ம்.

மார்லிஸ்: பனிப்புயல்ல, பெரிய ரோட்டு ஓரத்துல, இதே வண்டியில, இதோ இந்தப் பின் சீட்டுல. நீ ஓட்டினே. நான் பிள்ளையைப் பிடிச்சேன். பேத்தி நீலமா வந்தா, அழவே இல்ல... அந்த இடம் வந்ததும் வாய் அடைச்சுப் போச்சு டெல்மர். அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க. உன்னைத் தேடினேன். ஆளுநர் மூலையில நீ இருப்பேல்ல, உன் மூஞ்சியைப் பாத்தா வார்த்தை வரும்னு தேடினேன். நீ இல்ல. அப்புறம் எப்படியோ வந்துச்சு. அவ அழுதா, இப்ப மழலைப் பள்ளியில எல்லாரையும் அழ வைக்கறான்னு சொன்னேன். சிரிச்சாங்க. கேலன் கண்ணைத் துடைச்சான். உங்க ஆளுநர் பக்கத்துக் கேலன்.

டெல்மர்: கேலனுக்குச் சளி.

மார்லிஸ்: நாளைக்குத் தானியக் கிடங்குல உன்னைத்தான் பிடிச்சுக் கிழிக்கப் போறான். டெல்மர் எங்கே, டெல்மர் எங்கேன்னு எண்ணிக்கை எடுக்கும்போதே ரெண்டு தடவை கூப்பிட்டான். உன்னால அவங்க ஒரு பிரதிநிதியை எங்ககிட்ட விட்டுட்டாங்க.

டெல்மர்: கேலி பண்ணட்டும். குளிர் காலம் முழுக்கப் பண்ணட்டும். வண்டியைச் சூடாக்கப் போய் ஓட்டைத் தொலைச்ச மடையன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

மார்லிஸ்: உனக்கு வலிக்காதா?

டெல்மர்: வலிக்கும். அதுக்கென்ன இப்ப?

மார்லிஸ்: நான் ஒண்ணு சொல்லட்டுமா? கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி நான் தலையை எண்ணினேன்.

டெல்மர்: எண்ணுவே. மூலைத் தலைவியாச்சே.

மார்லிஸ்: எண்பத்தொண்ணு. எண்பத்தொண்ணுல நூத்துக்குப் பதினஞ்சுன்னா, பன்னண்டைத் தாண்டித் துளி வருது. துளி தாண்டினாலும் ஒரு முழு ஆள் வேணும். அப்ப எனக்குப் பதிமூணு பேர். எங்கிட்ட இருந்தது பன்னண்டு. இலையுதிர் காலத்துல இருந்து வீடு வீடா நாய்க்கடி வாங்கிச் சேத்த பன்னண்டு பேர். அவங்களைக் கலைஞ்சு போங்கன்னு எப்படிச் சொல்லப் போறேன்னு மறுபடியும் எண்ணிப் பாத்தேன்.

டெல்மர்: அப்புறம் சரியாப் போச்சுல்ல?

மார்லிஸ்: கதவைச் சாத்தினதும் கேலன் எண்ணினான். எண்பது.

டெல்மர்: அவனுக்கு எண்ணத் தெரியாது.

மார்லிஸ்: மூணு தடவை எண்ணினான். எண்பதுக்குக் கணக்குப் போட்டா பன்னண்டு பேர் போதும். ஒரு ஆள் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.

டெல்மர்: அதிர்ஷ்டக்காரி நீ.

மார்லிஸ்: ஆமா. நீயும் கூட்டத்துக்கு வந்ததும் எல்லாத் தலையையும் எண்ணுவே. ஒவ்வொரு தடவையும் எண்ணுவே. எனக்குத் தெரியாதா?

டெல்மர்: எண்ணினேனோ என்னவோ. ஞாபகம் இல்ல. அப்புறம் வண்டி ஞாபகம் வந்துச்சு, குளிர்ல எஞ்சின் உறைஞ்சு போயிடுமேன்னு...

மார்லிஸ்: டெல்மர்.

டெல்மர்: என்ன?

மார்லிஸ்: வண்டி அங்க இல்ல.

டெல்மர்: எந்த வண்டி?

மார்லிஸ்: இந்த வண்டி. ஜோலீன் புருஷன் கர்ட் வண்டி ஸ்டார்ட் ஆகலை. இறைச்சி ஆலையில ஷிப்ட் முடிஞ்சு என் தங்கச்சி குளிர்ல நிப்பாளேன்னு ஜிம் வாசலுக்கு ஓடி வந்தான். சாவி எப்பவும் போல உள்ளயேதான் இருக்கு, எடுத்துட்டுப் போன்னேன். நீ அப்ப கேக்கு தின்னுட்டு இருந்தே. ஆறரைக்குப் போனவன், ஜோலீனை வீட்டுல விட்டுட்டு, கூட்டம் முடியற நேரத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்திட்டு நடந்தே போனான். இந்தச் சூடு கர்ட் போட்ட சூடு. மைனஸ் இருபது டிகிரியில நீ எங்கய்யா இருந்தே?

டெல்மர்: ரோட்டைப் பாத்து ஓட்டு.

மார்லிஸ்: ஓரமா நிறுத்திட்டேன். சொல்லு.

டெல்மர்: ...வேற மூலைக்கு மாற மாட்டேன்னுதான் ஆளுநர்கிட்ட வாக்குக் குடுத்தேன். ஜிம்முக்குள்ளயே இருப்பேன்னு குடுக்கலையே.

மார்லிஸ்: எங்க நின்னேன்னு கேட்டேன்.

டெல்மர்: ஜிம்மோட சமையலறை ஜன்னலுக்கு வெளியில. காப்பி ஆவி போறதுக்காகக் கொஞ்சம் திறந்து வச்சிருந்தாங்க. ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன். கிர்ஸ்டன்கிட்ட வந்து நின்னே பாரு, எனக்கும் மூச்சு நின்னுபோச்சு. அப்புறம் நீயா எடுத்துப் பேசினே. முடிச்சதும் உள்ள எல்லாரும் தட்டினாங்க... நானும் தட்டினேன் மார்லிஸ். கம்பளிக் கையுறை போட்டிருந்தேன், உனக்குக் கேட்டிருக்காது.