தலைமடையில் ஒரு ஃபோல்டர்

திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. அவர் மடியில் லேப்டாப்.

“இன்னும் ஒரு மணி நேரத்துல இன்டர்வியூ. புது பைத்தான் வெர்ஷன் போட்டும் பழசுதான் ஓடுது.”

“கமாண்டைத் தேடற ஃபோல்டர் பட்டியல் இருக்கே, ‘பாத்’, அதுல புது ஃபோல்டரை எங்க சேர்த்தீங்க?” என்றார் மனைவி.

“கடைசியில.”

“நம்ம வயல் மாதிரி இங்கயும் கடைமடையா? கமாண்டை ஓட்டற ஷெல் வரிசையாத் தேடி, முதல்ல கிடைச்சதை எடுத்துக்கும். முன்னால போடுங்க.”

தட்டினார்.

“புதுசு ஓடுது! ஆனா வேற எந்தக் கமாண்டும் இல்லைங்குதே?”

மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்துல இருந்த பழைய ஃபோல்டரையெல்லாம் விட்டுட்டு உங்க ஃபோல்டரை மட்டும் எழுதியிருக்கீங்க. தலைமடைக்காரங்க வாய்க்காலை அடைச்சுட்டாங்கன்னு வருஷா வருஷம் திட்டுவீங்க. தலைமடை கிடைச்சதும் நீங்களும் ஒரு சொட்டு விடலையே!”