முடி உள்ள டயர்

நீங்கள் வந்த போலீஸ் ஜீப்பில் முன் டயர் இரண்டிலும் காற்று குறைவு, மேடம். போகும்போது இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்தால் டயரின் ஓரம் தேயும், கூடினால் நடு தேயும். இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூட இந்தப் பக்கத்து ஆட்களுக்கு என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. பழனிசெட்டிபட்டியில் நான் கடை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முத்துவீரன் டயர்ஸ் என்றால் கம்பம், கூடலூர் வரைக்கும் தெரியும்.

நீங்கள் கேட்க வந்ததை மறுக்கப் போவதில்லை. கார்த்திக்ராஜின் காருக்கு டயர் மாட்டியது நான்தான். அவன் மனைவி பவானி இறந்தது அந்த டயரால்தான் என்பதும் சரி. என்ன டயர் என்று தெரிந்துதான் மாட்டினேன். ஆனால் 'பழையதைப் புதுசு என்று ஏமாற்றி விற்றான்' என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். அப்படி விற்கிறவர்கள் இந்தச் சாலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லாம் லாபத்துக்காக. என்னை அந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். உட்காருங்கள், சொல்கிறேன்.

டயர் வாங்க வருகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? உதைப்பார்கள். எதற்கு உதைக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அடுத்து கட்டைவிரலால் அழுத்துவார்கள். மோந்து பார்க்கிறவர்களும் உண்டு. கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது முடியில்தான். டயரை அச்சில் வார்க்கும்போது காற்று போகிற சின்னத் துளைகளில் ரப்பர் புகுந்து, குச்சி குச்சியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு இங்கே முடி என்று பெயர். முடி இருந்தால் புது டயர், இல்லாவிட்டால் பழசு. இதுதான் இந்த ஊர்க்காரர்களின் சாஸ்திரம். அப்பன் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கினான், மகன் அதே தோரணையில் டயரின் முடியை இழுத்துப் பார்க்கிறான். மாட்டுக்காவது அது பொருந்தும்.

ஓடாத டயரில் முடி எப்படிப் போகும்? பத்து வருடம் கிடங்கில் கிடந்தாலும் முடி அப்படியேதான் இருக்கும், ரப்பர்தான் செத்துப் போயிருக்கும். டயரின் வயதை அதன் பக்கவாட்டிலேயே பொறித்தும் வைத்திருக்கிறார்கள். ஒரு சின்ன வளையத்துக்குள் நான்கு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017ஆம் வருடம் இருபத்துமூன்றாவது வாரத்தில் செய்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். இவர்கள் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் முடியைத் தேடுவார்கள்.

முன்பெல்லாம் நான் எடுத்துச் சொல்கிற ஆள்தான். ஒருமுறை சின்னமனூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு, செய்து ஒரு மாதம்கூட ஆகாத டயரை எடுத்துப் போட்டேன். லாரியில் உரசி வந்ததில் முடி உதிர்ந்திருந்தது.

"இது ஓடுன டயருல்ல?" என்றார். எண்ணைக் காட்டினேன்.

"நம்பரு யாரு வேணாலும் போட்டுக்கிரலாம்ப்பா. அந்தா அங்கன முடியோட இருக்குல்ல, அத எடு."

அவர் காட்டியது மேல் அடுக்கில் யாரும் சீந்தாமல் வருடக்கணக்கில் கிடந்த டயர். அதையும் சொன்னேன். கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டு, "எங்கிட்டயே கத விடுற பாத்தியா" என்றார். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எடுத்து மாட்டி அனுப்பிவிட்டேன். எடுத்துச் சொல்வதை அன்றோடு விட்டேன்.

அதற்குப் பதில் ஒரு பரீட்சை வைத்தேன். டயரை மாட்டுவதற்கு முன் அதில் ஒன்றை, எண் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி, வாங்குகிறவர் காலடியில் படுக்க வைப்பேன். பழைய டயர்தான். ஆனால் அந்த எண்ணை ஒருவர் படித்துவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய்ப் புதியதை எடுத்து வருவேன். இதைவிட நியாயமாக ஒரு கடைக்காரன் நடந்துகொள்ள முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வக்கீல் வந்தார். பாலம் கட்டுகிற இன்ஜினியர் வந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர் வந்து, போனில் யாரோடோ சிரித்துப் பேசியபடியே அந்த டயர்மேல் செருப்புக் காலை வைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் தேறவில்லை. மாட்டும்போது எண் உள்பக்கம் போகும்படி திருப்பி மாட்டிவிடுவேன். பரீட்சை முடிந்த பிறகு கேள்வித்தாள் எதற்கு?

அந்த டயர்களெல்லாம் என்ன ஆயின என்று கேட்கிறீர்கள். சிலர் தேய்ந்த பிறகு அடுத்த டயருக்கும் என்னிடமே வந்தார்கள். சிலர் வரவில்லை. வேறு கடை பிடித்திருப்பார்கள்.

கார்த்திக்ராஜுக்கு வருகிறேன். மார்க்கையன்கோட்டையில் இரண்டு போகம் விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டுக் கல் ஊன்றிய குடும்பம். கொச்சியில் யாரோ ஓட்டி அலுத்துப்போன ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தான். பார்க்கப் பெண் அழைப்புக்குப் போகிற வண்டி மாதிரி அடக்கமாக இருக்கும். மிதித்தால் ஐந்து வினாடிக்குள் நூறைத் தொடும். அந்த மாதிரி வண்டிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பைபாஸில் பறந்து அதை வீடியோ எடுத்துப் போடுவான், அவ்வளவுதான் சம்பந்தம்.

அப்படிப்பட்ட காருக்கு டயர் தேர்ந்தெடுப்பது லேசான வேலை இல்லை, மேடம். வண்டி தினமும் எங்கே ஓடுகிறது, மலையா சமவெளியா, யார் ஓட்டுகிறார்கள், என்ன வேகம் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகுதான் அளவு, எடை தாங்குகிற எண், வேகத்துக்கான எழுத்து எல்லாம். அந்தக் காருக்கு ஸ்டெப்னி கிடையாது. அதனால் காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய, ஓரம் கனத்த டயரைக் கம்பெனியிலேயே போட்டிருந்தார்கள். அது கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும்.

"குலுக்குதுண்ணே. மெத்துன்னு ஒண்ணு போடுங்க" என்றான். உடனே, "வளைவுல ரோட்ட ஒட்டிக்கிட்டுப் போகணும்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அகலமா, பாத்தாக் கெத்தா இருக்கணும்ணே" என்றான்.

மெத்தென்று இருக்கிற டயர் அப்படி ஒட்டாது, ஒட்டுகிற டயர் சீக்கிரம் தேயும், கெத்து என்பது டயரில் கிடையவே கிடையாது. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லி என் வாயை வலிக்கவைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஆனாலும், பழக்க தோஷம், மதுரையில் சொல்லி நல்லதாக வரவழைக்கிறேன், கொஞ்சம் பொறு என்றேன். என் பக்கம் நல்லெண்ணம் இருந்ததற்கு அடையாளமாக இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்குறேண்ணே. காப்புக் கட்டுறதுக்குள்ள வண்டி ரெடியாகணும். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ட்ராக்டர் டயரு விக்கிற கடையில வந்து இதக் கேட்டது என் தப்புத்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அந்த அளவில் நான்கு டயர் என் கிடங்கில் கிடந்தது. மேகமலைப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் சொல்லிவைத்துவிட்டு வாங்காமல் போனது. தகரக் கூரைக்குக் கீழே ஏழெட்டுக் கோடையைப் பார்த்துவிட்ட டயர். வளைத்துப் பார்த்தால், மேல்பட்டையும் பக்கவாட்டும் சேருகிற ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. பாலிஷ் போட்டுத் துடைத்தால் தெரியாது. முடி மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

வழக்கம்போல ஒன்றை அவன் காலடியில் படுக்க வைத்தேன். குனிந்தான். முடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான்.

"சூப்பர்ணே. இதத்தேன் தேடிக்கிட்டிருந்தேன்" என்றான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். இவன் எங்கே படித்துத் தொலைத்துவிடுவானோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

அவன் ஓட்டுகிற வேகத்துக்கு அந்த டயர் தாங்காது என்று எனக்குத் தெரியும். நூற்றைம்பதைத் தாண்டினால் சூட்டில் மேல்பட்டை பிய்த்துக்கொண்டு வரும். என்றைக்கு, எந்த இடத்தில் என்பது மட்டும்தான் தெரியாது. அதுவும் அவன் காலில் இருந்தது. மெதுவாக மிதித்திருந்தால் வெகுநாள் ஓடியிருக்கும். மெதுவாக மிதிக்கவிடாமல் அவனை யார் தடுத்தார்கள்?

ஆனால் டயர் வெடித்த அன்று அவன் காரில் இல்லை. சட்டி எடுக்கிறவன் என்பதால் மஞ்சள் வேட்டியோடு ஊர்க்காரர்களுடன் வீரபாண்டிக்கு நடந்தே போய்விட்டான். அவனுக்கு மாற்றுத்துணியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு பவானிதான் பின்னால் காரில் போயிருக்கிறாள். சித்திரை வெயில், தார் இளகுகிற நேரம். சீலையம்பட்டி தாண்டி, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் பின் டயர் வெடித்து, கார் சுற்றிப்போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அவள் எண்பதைத் தாண்டவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். எண்பதிலேயே வெடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. ரப்பரின் நிலைமையைக் கொஞ்சம் கூட்டி மதிப்புப் போட்டுவிட்டேன். தொழிலில் என் பக்கம் நேர்ந்த பிசகு அது ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

துக்கத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். போகாமல் இருந்தால் தப்பாகத் தெரியும். கார்த்திக்ராஜ் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். வெறுங்காலில் நடந்ததில் பாதமெல்லாம் கொப்புளம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"டயரு மேல ஒரு கொறையும் இல்லண்ணே. நா போயிப் பாத்தேன். ஓரத்துல முடிகூட உதுரல. அவ நேரம் அப்பிடி" என்று அழுதான்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்து நிற்கிறவனைப் பார்த்தால் மனிதனுக்கு இரக்கம் வர வேண்டும். எனக்கு அருவருப்பாக இருந்தது. வெடித்த டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அப்போதும் முடியைத்தான் பார்த்திருக்கிறான். கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதுரையிலிருந்து வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் டயரைப் புரட்டி எண்ணைப் படித்தார், அதனால்தான் நீங்கள் இங்கே வந்தீர்கள் என்கிறீர்கள். நல்லது. ஒருவராவது படித்தாரே.

அவருக்கு முன்னால் யாருமே படிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பது எதற்கு என்று எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் பவானியும் கடைக்கு வந்திருந்தாள். இதை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, பரவாயில்லை. கார்த்திக்ராஜ் சாலையோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் என் பக்கத்தில் வந்து, "நல்லதாப் பாத்துப் போடுங்கண்ணே" என்றாள். "அவுக ஞாயித்துக்கெழம மட்டுந்தேன் எடுப்பாக. மத்த நாளெல்லாம் நாந்தேன் போடிக்கு வேலைக்கு ஓட்டிட்டுப் போறேன்."

ஆக, யார் ஓட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவள் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முடியைத் தொடவில்லை. அந்த வளையத்தின்மேல் விரலை வைத்து, "இது என்னண்ணே, இருபத்திமூணு, பதினேழு? டயரு செஞ்ச வருசமா?" என்று கேட்டாள்.

கேட்கிற தூரத்தில் வேறு யாரும் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான்கையும் திரும்ப உள்ளே உருட்ட வேண்டும். அவனைக் கூப்பிட்டு, மதுரையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்று மறுபடி சொல்ல வேண்டும். அவன் மறுபடி ட்ராக்டர் டயர் என்பான், நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

"இல்லம்மா, அது அச்சு நம்பரு. எல்லா டயர்லயும் இருக்கும்" என்றேன்.

"அப்படியாண்ணே, எனக்கென்ன தெரியும்" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

இதை வைத்துக்கொண்டு, அவள் ஒருத்தி தேறிவிட்டாள், பிறகும் இவன் மாட்டி அனுப்பினான் என்று நீங்கள் எழுதக் கூடாது, மேடம். சரியான விடை தெரிந்திருந்தால் நான் சொன்னதை நம்பியிருப்பாளா?