நான்கு என்ற எண்ணும் கடலோர வயலும்

அவைக்குத் தலைமை தாங்கி, நான் அளவோடு பேசவேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட ஹெல்வி அம்மையார் அவர்களே! வடிகால் வெட்டி வெட்டி உள்ளங்கை காய்த்துப்போன பெரியோர்களே! ஏலக்காய் ரொட்டி சுட்டு இந்த மன்றத்தையே மணக்கவைத்த தாய்மார்களே! கைதட்டத் தயங்கினாலும் காதுகொடுக்கத் தயங்காத பொத்னிய வளைகுடாக் கரை மக்களே! கடைசி வரிசையில், கதவோரம், தொப்பியை மடியில் வைத்தபடி கப்பலுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் ஓர்வோ அவர்களே! தங்கை தைமியின் பணிவான வணக்கம்.

திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குக் கூச்சம்! ஏழாண்டு கழித்து அக்கரை நகரமான உமியோவிலிருந்து கடல் தாண்டி வந்திருக்கிறார். நான்கு மணிக்கு நகரத்தில் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து. அதோடு அவருடைய கடலோர வயல் விற்றாயிற்று. ஐந்தரைக்குக் கப்பல், அண்ணன் போயாயிற்று. ஆகவே, அவையோரே, எனக்கு இருப்பது இந்த அரைமணி நேரம்தான்.

என்ன வயல் அது! கடல் விலகிக் கொடுத்த களிமண். அதன் அடியிலே கந்தகம் உறங்குகிறது. ஈரம் இருக்கும்வரை அது உறங்கும், உலர்ந்தால் விழிக்கும். முந்தைய கோடைகள் அதை உறங்க விட்டன. இன்றைய கோடைகள் விடுகின்றனவா? மே மாதமே மண் பிளக்கிறது. ஜூன் மாதமோ மழையைக் காட்டி ஏமாற்றுகிறது. வெடிப்பில் காற்று புகுந்து கந்தகம் அமிலமாகிறது. இலையுதிர்கால மழை அந்த அமிலத்தை அள்ளி ஆற்றில் கொட்டுகிறது.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதானே, தைமி!" என்கிறார் முன்வரிசையில் பென்ட்டி. தெரியும்தான், பென்ட்டி அண்ணே. எனக்குத்தான் அன்று ஒன்று தெரியவில்லை. கணக்கு!

ஏழாண்டுக்கு முன் ஒரு வறண்ட ஜூலையில், மண் சோதனைத் தாளோடு அண்ணன் வந்து நின்றார். "ஏ தைமி, நீதானே மாலை வகுப்புல ரசாயனம் படிச்சவ? பிஎச் எண் ஆறு இருந்தது, நாலாயிடுச்சு. என்ன பண்ணட்டும்?"

ரசாயனம் படித்தேன், உண்மை. நிறம் மாறும் குப்பிகளை நேசித்தேன், நெடியை நேசித்தேன். ஆனால் மடக்கைக் கணக்கு, அதுதான் லாகரிதம், நடந்த மூன்று வாரமும் நான் எங்கே இருந்தேன்? நீராவிக் குளியலறையில், நம் சவுனாவில், வியர்த்துக்கொண்டிருந்தேன்! சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான். அந்த மேதை தன் அண்ணனுக்குச் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "ரெண்டுதானேண்ணே குறைஞ்சிருக்கு? ரெண்டு வண்டி சுண்ணாம்பு கூடப் போடு. வடிகாலை வழக்கம்போல ஆழமா வெட்டு." ஆழ வெட்டுவதுதானே நம் ஊருக்குப் பெருமை!

அவர் நம்பினார். வெட்டினார். மண்ணின் ஈரமெல்லாம் வடிந்து கந்தகம் விழித்தது. ஆகஸ்டில் பார்லி கதிர் முற்றாமலே மஞ்சளித்துக் கருகியது. செப்டம்பரில் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை, ஆற்றில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நீங்கள் எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தீர்கள். மறுநாள் அண்ணனின் அஞ்சல் பெட்டியில் ஒரு வாளி தொங்கியது, செத்த மீன் நிறைய.

தங்கை சொன்னாள், செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொன்னாரா? ஊரே ஏசியபோது சொன்னாரா? வாயே திறக்காமல் கப்பலேறி, அக்கரையில் மர ஆலைக்கு வேலைக்குப் போனார்.

அவர் போனபின், நாற்பத்தெட்டு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து மடக்கை படித்தேன். ஆசிரியை பலகையில் எழுதினார்: ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு; இரண்டு எண் இறங்கினால்? இரண்டு மடங்கா? இருபது மடங்கா? நூறு, அவையோரே, நூறு! நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அண்ணா, இத்தனை ஆண்டும் தொலைபேசியில் உன்னோடு வானிலை பேசினேன். இதைப் பேசவில்லை. சனிக்கிழமைதோறும் சவுனாவில் இன்னும் இரண்டு துண்டு மாட்டுகிறேன், எனக்கொன்று, உனக்கொன்று. ஒன்று நனைவதே இல்லை. பிழை என்னுடையது. அந்த வாளியை என் அஞ்சல் பெட்டியில் மாட்டுங்கள்!

என்ன, பென்ட்டி அண்ணே? உரக்கச் சொல்லுங்கள்.

"...அந்த வாளி என்னோடது. நான்தான் மாட்டினேன், ஓர்வோ."

கேட்டீர்களா? காது குளிரக் கேட்டீர்களா? தாய்மார்களே, கணக்கு வராது என்று கண்கசக்கும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வெறும் எண்தானே என்று நான் விட்ட இடத்தில்தான் பயிர் போனது, மீன் போனது, கூடப் பிறந்தவரும் போனார்!

மூன்றாண்டாக அந்த வயலுக்கு நான் போய்வருகிறேன். வடிகாலில் பலகை அடைத்து நீரை நிறுத்தினேன். கந்தகம் மீண்டும் கண்மூடத் தொடங்கியது. கணக்குப் போட்டுச் சுண்ணாம்பு இட்டேன். இன்று காலை எண் என்ன தெரியுமா? ஐந்தரை! நான்கிலிருந்து ஐந்தரை என்றால், அமிலம் முப்பதில் ஒரு பங்காகிவிட்டது. இந்தக் கணக்கை நானே போட்டேன், அண்ணா! ஆறைத் தொட இன்னும் அரைதான் பாக்கி. அந்த அரைக்கு எனக்குச் சுண்ணாம்பு போதாது. நீ வேண்டும்.

அண்ணன் எழுந்துவிட்டார். தொப்பியை மாட்டுகிறார். கதவைத் திறக்கிறார்... திரும்பி என்னைப் பார்த்துப் பேசுகிறார்!

"காப்பி ஆறுது, தைமி. பேச்சை முடி. நாலு மணிக்கு நகரத்துக்கு இல்ல, வயலைப் பாக்கப் போகணும், எனக்கும் பூட்ஸ் எடுத்து வை."

தலைவி அம்மையார் அவர்களே, உங்கள் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.