மூடிவச்ச கடல்

இல்ல தம்பி, படகு இன்னைக்கும் வராது. நீங்க சும்மா சும்மா துறைக்குப் போயி எட்டிப் பாக்குறதுனால அது வந்துராது. கிழக்குக் காத்து இப்பிடித்தான், மாமியா வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி. எப்பக் கிளம்புவேன்னு நாம கேக்க முடியாது. அந்தப் பக்கம் உக்காராதீங்க, ஒழுகும். இப்பிடி வாங்க.

காலையில சத்தமா? கேட்டிருக்கும். கல்லறையில படுத்திருக்கவனுக்கே கேட்டிருக்கும். சண்டையெல்லாம் இல்ல. சங்கு ஓடு கிடைச்சிருக்கு. நம்ம வீட்டுக்கும் தபிதா அக்கா வீட்டுக்கும் நடுவுல போற பாதையில. லோலாச் சங்கு, கூம்பு மாதிரி, செவப்புக் கோடு போட்டு இருக்குமே, அது. அந்த அக்கா வளக்குற பன்னி எங்கயோ கிளறி இழுத்துட்டு வந்து போட்டிருக்கு. உள்ள சதை இல்ல. எடுத்துத் தின்னுட்டு ஓட்டைப் புதைச்சிருக்காங்க.

ஓட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு பாக்குறீங்க. உங்க ஜகார்த்தாவுல சிரிப்பாங்க, தெரியும். ஆனா இங்க கடல் மூடியிருக்கு தம்பி. வந்த அன்னைக்கே பாத்தீங்களே, தண்ணிக்குள்ள கம்பு நட்டு தென்னங்குருத்து கட்டியிருக்கிறதை. அழகா இருக்குன்னு படம் புடிச்சீங்க. அழகுக்குக் கட்டலை. அதுக்குப் பேரு சாசி. போதகர் கோயில்ல ஜெபம் பண்ணி மூடுவாரு. மூடிட்டா அந்தக் கம்புக்கு உள்ள ஒருத்தரும் கை நனைக்கக்கூடாது. சங்கு பெருத்து, பெருகி, ஊர் முழுக்கப் போதும்ங்கிற அளவுக்கு வந்த பிறகு, மறுபடி ஜெபம் பண்ணித் திறப்பாங்க. எல்லாரும் ஒண்ணா இறங்கணும், ஒண்ணா எடுக்கணும். அந்தக் கோயில் கூரை சங்கு வித்த காசுலதான் போட்டது. பிள்ளைங்க அம்போன் டவுனுக்குப் படிக்கப் போறதும் சங்குலதான். ஒருத்தன் முந்திக்கிட்டு எடுத்தான்னா, நாளைக்கு பத்துப் பேரு எடுப்பான். அப்புறம் கம்பு மட்டும் நிக்கும்.

யாரு காவலா? நல்லாக் கேட்டீங்க. நான்தான். மானு அண்ணன்னு நீங்க கூப்பிடுறீங்க, ஊர்ல காவக்காரன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்குக் கீழ நாலு பயலுக இருக்கானுக. சம்பளமெல்லாம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. இன்னைக்குச் சாயங்காலம் மணி அடிக்கும்போது, எடுத்த ஆளைக் கோயில் வாசல்ல நான் கொண்டாந்து நிறுத்தணும். அதுதான் என் வேலை.

போலீஸா? போலீஸ்காரர் அடுத்த தீவுல இருக்காரு. அவரும் இதே படகுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாரு.

ஜெயில், அபராதம், ஒண்ணும் இல்ல. நடக்கணும், அவ்வளவுதான். கையில ஒரு சேகண்டி குடுத்துருவாங்க. அதை அடிச்சுக்கிட்டு, மூடின கடல்ல நான் கை வச்சேன், என்னை மாதிரி யாரும் செய்யாதீங்கன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டு, ஊர் இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் நடக்கணும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஆளுக நிப்பாங்க. பின்னாடி காவக்காரன் பிரம்போட போவான். சத்தம் கடைசி வீட்டுக்குக் கேக்கணும். குரல் இறங்குச்சுன்னா கெண்டைக்கால்ல ஒண்ணு. மறுபடி இறங்குச்சுன்னா மறுபடி ஒண்ணு.

கொடுமைதான். யாரு இல்லேங்குறா?

காலையில என் பக்கத்துல நின்னு சரோங்கைத் தூக்கிக் காலைக் காட்டினானே ஒருத்தன், பாத்தீங்களா? பெனோனி. என் பொண்டாட்டி மினாவோட தம்பி. போன வருசம் கடல் அட்டை எடுத்துட்டான். அக்கா வீட்டுல வளந்த பய, எனக்குப் பிள்ளை மாதிரி. மினா என் காலைப் பிடிச்சு அழுதா. சின்னப் பையன், விட்ருங்கன்னா. நான் சொன்னேன், இன்னைக்கு மச்சினனை விட்டா நாளைக்கு யாரைக் கேக்குறதுன்னு. நடக்க வச்சேன். தபிதா அக்கா வீடு தாண்டினதும் குரல் இறங்குச்சு. அடிச்சேன். தழும்பு இன்னும் இருக்கு, அதைத்தான் ஊருக்கே காட்டிக்கிட்டு நின்னான். என்ன மச்சான், பிரம்பைத் தண்ணியில ஊறப் போட்டாச்சா, இந்தத் தடவை எவன் காலு, பெரிய இடமா இருந்தா கை நடுங்கிரப் போகுதுன்னு கேக்குறான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

ஆளு யாருன்னா... தெரியும் தம்பி. தெரியாம என்ன? மத்தியானமே ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போயிச் சொல்லிட்டேன்.

மினாவா? உள்ள படுத்திருக்கா. இல்ல இல்ல, மாத்திரையெல்லாம் வேணாம். காய்ச்சல் இல்ல. நீங்க உக்காருங்க.

நீங்க ரெண்டு நாள்னு சொல்லி வந்தீங்க. உங்க மேல தப்பில்ல, காத்து அடிக்குது. காத்து மேலயும் தப்பில்ல. படகு வரலைன்னா அரிசி வராது. ஒரு பயலாலயும் வள்ளத்தை இறக்க முடியலை, மீனும் வராது. கருவாடு இருந்துச்சு, தீந்துருச்சு. சாகுப் பனை மாவுக் களியும் உப்பும்தான் மிச்சம். நாங்க அதைத் தின்னுட்டுக் கிடப்போம். தபிதா அக்கா வீட்டுலயும் அதுதான், தலைவர் வீட்டுலயும் அதுதான். ஆனா மினா இருக்காளே, வெறும் களியை விருந்தாளி முன்னாடி வைக்கிறதை விடக் கடல்ல இறங்கிரலாம்பா.

இறங்கிட்டா.

ஆமா தம்பி. முந்தாநாள், தேங்காப்பால்ல போட்டுத் தந்தாளே. என்ன மீனு இதுன்னு கேட்டீங்க, கணவாய்னு சொன்னா. நல்லாருக்குன்னு மறுபடி வாங்கிச் சாப்பிட்டீங்க. அவ முகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். எனக்கு வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு. உங்க முன்னாடி எப்பிடித் துப்புறது? முழுங்கிட்டேன். தண்ணி வத்தின நேரம் பாத்துப் பாறை மேல நடந்து போயி எடுத்திருக்கா. சங்கு ஓட்டை வாழைக்கு அடியில புதைச்சிருக்கா. பன்னியை மறந்துட்டா.

நீங்க ஏன் தம்பி கண்ணு கலங்குறீங்க. தெரிஞ்சா தின்னீங்க?

என்னது, நீங்க எடுத்ததாச் சொல்றதா? உக்காருங்க. துறையில வழுக்கி இடுப்பளவு தண்ணியில விழுந்து, காப்பாத்துங்கன்னு கத்தினீங்களே, ஊரே வந்து தூக்குச்சே. நீங்க கடல்ல இறங்கி சங்கு எடுத்தீங்கன்னா பன்னி கூட நம்பாது.

தலைவர்கிட்ட நானும் கேட்டுப் பாத்தேன். பிரம்பை மட்டும் அந்தப் பயலுகள்ல ஒருத்தன் கையில குடுத்துரட்டுமான்னேன். அவரு வெத்தலையைத் துப்பினாரு. அப்புறம், மச்சினனை நீ அடிச்ச, பொண்டாட்டியை இன்னொருத்தன் அடிச்சான்னா, நாளைக்கு அந்தக் கம்பை எவன் மதிப்பான் மானுன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. நான் அவரு இடத்துல இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பெனோனிக்குத் தெரியாது. முதல் ஆளாப் போயிக் கோயில் வாசல்ல நல்ல இடம் பிடிச்சு உக்காந்திருக்கான், வேடிக்கை பாக்க.

தம்பிக்குக் கெஞ்சின மினா, தனக்குக் கெஞ்சலை. தலையைச் சீவி, கோயிலுக்குப் போற கருப்புச் சட்டையை எடுத்து வச்சிருக்கா. பாத்து மெதுவா அடிக்காதீங்க, தம்பியை அடிச்ச மாதிரியே அடிங்கன்னு மட்டும் சொன்னா. அதைக் கூட ரெண்டு தடவை கேட்டுத்தான் எனக்கு விளங்குச்சு.

மணி அடிக்குது. நீங்க இங்கயே இருங்க, வெளிய வராதீங்க. விருந்தாளி அவளை அப்பிடிப் பாக்கக்கூடாது.

நடந்துருவா தம்பி, அதுல எனக்குப் பயமில்ல. குரல்தான். அவளுக்கு எப்பவுமே சின்னக் குரல். அடுப்படியிலருந்து கூப்பிட்டா இந்த வாசலுக்கே கேக்காது.